ஒரே ஏடு, இரண்டு வேலை: தோட்டப் பட்டணத்து நடுவர் சங்கத்தில் ஒழுங்கும் பாராட்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் காற்பந்து நடுவர் சங்கம் என்றால் முப்பது பேர் இருந்தாலே பெரிய சங்கம். அந்த முப்பது பேரில் பாதி ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தது. மீதியில் பலர் ஒருவருக்கொருவர் மச்சான், சகலை, சம்பந்தி முறை. இங்கே ஒருவர் மேல் நடவடிக்கை எடுத்தால் "பழைய பகை" என்பார்கள். ஒருவருக்குப் பொன்னாடை போட்டால் "சொந்தக்காரன்" என்பார்கள். இரண்டு வாய்க்கும் பூட்டு ஒன்றுதான்: நடந்ததை நடந்த அன்றே எழுதி வைத்த ஏடு. தண்டனையும் அதிலிருந்து வரவேண்டும், பாராட்டும் அதிலிருந்தே வரவேண்டும்.

கீழே உள்ளது மாவட்ட அளவிலான காற்பந்து நடுவர்களை மனத்தில் வைத்து எழுதியது. கபடி, திடல்தட அதிகாரிகளும் பெயரை மாற்றிக்கொண்டு அப்படியே பயன்படுத்தலாம்.

ஏட்டைத் திறப்பது

கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று போதும். எக்செலில் வைத்திருந்தாலும் கைநோட்டும் வேண்டும். செயலாளர் மாறும்போது கைப்பேசியோடு கோப்பும் போய்விடுவது எல்லாச் சங்கத்திலும் நடக்கிற கதை. ஓர் ஆட்டத்தில் ஒரு நடுவருக்கு ஒரு வரி. மூன்று பேர் போனால் மூன்று வரி. பத்திகள் இவை: தேதி, திடல், பொறுப்பு, நியமனம் சொன்ன நேரம், அவர் ஒப்புக்கொண்ட நேரம், திடலுக்கு வந்த நேரம், அறிக்கை கைக்கு வந்த நேரம், பார்வையாளர் (நடுவரை மதிப்பிடச் சங்கம் அனுப்பும் ஆள்) போட்ட மதிப்பெண், அலவன்ஸ் தொகை, அலவன்ஸ் கொடுத்த தேதி, குறிப்பு.

ஒரு வரி இப்படி இருக்கும்: "ஜூலை 13, ஞாயிறு, 5.00 மணி ஆட்டம், தோட்டத் திடல். 1ஆம் துணை நடுவர். நியமனம் புதன் இரவு 8.10. ஒப்புதல் புதன் 9.35. வருகை 3.50. அறிக்கை தேவையில்லை. மதிப்பெண் 3. அலவன்ஸ் 50 ரிங்கிட். கொடுத்த தேதி..." அதற்கு அடுத்த கட்டம் காலி.

அந்தக் காலிக் கட்டத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அடுத்த மாதம் இதே ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் ஆட்டத்துக்கு வராமல் போனால், செயலவை உடனே "பொறுப்பில்லாதவன்" என்று தொடங்கும். ஏட்டைத் திறந்தால் அவருக்கு மூன்று ஆட்டத்துக் காசு பாக்கி இருப்பது தெரியும். பெட்ரோல் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தவருக்கு 150 ரிங்கிட் நிலுவை. அவர் வராமல் போனது தவறுதான். ஆனால் விசாரணை யாரிடமிருந்து தொடங்கவேண்டும் என்பது வேறு கேள்வி. கடன் வைத்திருக்கும் சங்கம் கடமை பற்றிப் பேசினால் எடுபடாது. ஆகவே முதல் விதி சங்கத்துக்கே: ஆட்டம் முடிந்து 14 நாளுக்குள் அலவன்ஸ். தாமதமானால் பொருளாளர் எழுத்தில் காரணம் சொல்லவேண்டும்.

வருகை நேரத்தை ஆட்டத்தின் முதன்மை நடுவர் குறிக்கட்டும், அவருடைய நேரத்தைத் துணை நடுவர் குறிக்கட்டும். நியமன அதிகாரி ஞாயிறு இரவே ஏட்டில் ஏற்றிவிட வேண்டும். வாரக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதும் ஏடு விசாரணையில் நிற்காது.

சொந்தபந்தப் படிவம்

சீசன் தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஒரு பக்கப் படிவம் நிரப்பவேண்டும். பிறந்த தோட்டம், இப்போது வேலை செய்யும் இடம், எந்த அணியில் யார் ஆடுகிறார்கள் அல்லது யார் மேனேஜர், என்ன உறவு. மச்சான் மகன் வரைக்கும் எழுதச் சொல்லுங்கள். உறவு இருப்பது குற்றமில்லை, எழுதாமல் மறைப்பதுதான் குற்றம். நியமன அதிகாரி இதைப் பார்த்து ஆள் போட்டால் பாதிப் புகார் பிறக்கவே பிறக்காது. நியமன அதிகாரியும் தன் படிவத்தை நிரப்பவேண்டும் என்பதைப் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள்.

மூன்று குவியல்

ஒரு புகார் வந்ததும் அதை எந்தக் குவியலில் போடுவது என்று முடிவு செய்வதில்தான் சங்கங்கள் அதிகம் சறுக்குகின்றன.

முதல் குவியல், தீர்ப்பு. பெனால்டி கொடுத்தது, கொடுக்காதது, ஆஃப்சைடு கொடி, கூடுதல் நேரம், மின்னல் வெட்டுகிறது என்று ஆட்டத்தை நிறுத்தியது. இதில் எதற்கும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. ஆட்டத்தோடு தொடர்புள்ள உண்மைகளில் நடுவரின் முடிவே இறுதியானது, கோல் உண்டா இல்லையா என்பதும் ஆட்ட முடிவும் அதில் அடக்கம் என்று ஆட்ட விதிகளின் 5ஆம் விதி சொல்கிறது. சங்கமே ஒரு பெனால்டிக்காகத் தன் ஆளைத் தண்டித்தால், அடுத்த ஞாயிறு முதல் எல்லா நடுவரும் மேனேஜரின் முகத்தைப் பார்த்துத்தான் விசில் ஊதுவார்கள்.

விதி தெரியாமலோ கவனம் பிசகியோ விதியை மீறிச் செய்த தவறும் இதே குவியல்தான், ஆனால் அதற்கு மருந்து உண்டு. ஒரே ஆட்டக்காரருக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டிவிட்டு வெளியேற்ற மறப்பது இதற்கு நல்ல உதாரணம். 2006 உலகக் கிண்ணத்தில் குரோஷியா, ஆஸ்திரேலியா ஆட்டத்தில் இங்கிலாந்து நடுவர் கிரஹாம் போல் ஒரே ஆட்டக்காரருக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டினார். குறிப்பேட்டில் அணியை மாற்றி எழுதிக்கொண்டதே காரணம். அந்த உயரத்திலேயே நடக்கிறது என்றால் தோட்டத் திடலிலும் நடக்கும். இப்படிச் செய்தவரை பயிற்சி அதிகாரியிடம் அனுப்புங்கள்: அந்த விதியில் பத்துக் கேள்வி, பிறகு இரண்டு ஆட்டம் பார்வையாளர் முன்னிலையில். ஏட்டில் "பயிற்சி" என்று எழுதுங்கள், "தண்டனை" என்று எழுதாதீர்கள். மதிப்பெண்ணில் அது தெரியும், அது போதும்.

இரண்டாம் குவியல், கடமை தவறியது. தாமதம், வராமை, அறிக்கை அனுப்பாமை. இதற்குப் புள்ளி முறை.

மூன்றாம் குவியல், நடத்தை. காசு வாங்கியது, பந்தயம் கட்டியது, குடித்துவிட்டு வந்தது, ஆட்டக்காரரைக் கெட்ட வார்த்தையில் திட்டியது, கை ஓங்கியது, உறவை மறைத்தது, சக நடுவரை முகநூலில் கேவலப்படுத்தியது. இதற்குத்தான் விசாரணை. கையூட்டு மட்டும் சங்கத்துக்கு வெளியே போகவேண்டும், அது பின்னால்.

புள்ளி முறை

எண்களை உங்கள் சங்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். சீசன் தொடங்கியபின் மட்டும் மாற்றக்கூடாது. 60 நிமிடம் முன்னதாக வரவேண்டிய இடத்தில் தாமதமாக, ஆனால் ஆட்டம் தொடங்குமுன் வந்தால் 1 புள்ளி. ஆட்டம் தொடங்கியபின் வந்தால் 3. தகவல் சொல்லாமல் வராமல் போனால் 5. ஒப்புக்கொண்ட ஆட்டத்தை 24 மணி நேரத்துக்குள் காரணமில்லாமல் கைவிட்டால் 2. அறிக்கை 48 மணி நேரம் தாண்டினால் 1. சிவப்பு அட்டை காட்டிவிட்டு அறிக்கையே கொடுக்காவிட்டால் 3, ஏனென்றால் லீக்கின் ஒழுங்குக் குழு அந்த அறிக்கை இல்லாமல் ஆட்டக்காரரை ஒன்றும் செய்யமுடியாது. தவறு செய்தவன் அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே ஆடுவான்.

ஒவ்வொரு புள்ளியும் 12 மாதத்தில் அழிந்துவிடும். 6 புள்ளி சேர்ந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம், 10 சேர்ந்தால் நேரில் விசாரணை. புள்ளி போட்டதும் அன்றே ஆளுக்குத் தனியாகக் குறுஞ்செய்தி போகவேண்டும், மறுக்க 7 நாள் தரவேண்டும். ஒன்பது மாதம் கழித்து "உங்களுக்குப் பத்துப் புள்ளி ஆகிவிட்டது" என்று திடீரென்று சொன்னால், அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

மில்லில் வேலை செய்பவர், தோட்டத்தில் அதிகாலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர், லாரி ஓட்டுபவர் எல்லாருக்கும் ஷிப்ட் மாறும். முதலாளி கடைசி நேரத்தில் கூப்பிட்டதற்கு வேலையிடத்து மேனேஜரின் செய்தியோ கிராணியின் (தோட்ட எழுத்தரின்) வார்த்தையோ இருந்தால் புள்ளி வேண்டாம். மழையில் சாலை முழுகியது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதற்குக் கடிதம் கேட்டு உட்காராதீர்கள். கைப்பேசியில் கூப்பிட்டுச் சொன்னாரா என்பதே கேள்வி.

குழுவை அமைப்பது

இந்த வேலையை முதலில் சட்டவிதியில் செய்யவேண்டும். சங்கம் 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையரிடம் பதிவானது என்றால், உறுப்பினர் தகராற்றைச் சங்கம் முதலில் தன் சொந்த நடைமுறைப்படியே தீர்க்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் எதிர்பார்ப்பு. பதிவான சட்டவிதியில் ஒழுங்குக் குழு, அதன் அதிகாரம், மேல்முறையீடு ஆகிய மூன்றும் இல்லாமல், செயலவைக் கூட்டத்தில் கை தூக்கி அமைத்த குழு முதல் எதிர்ப்பிலேயே சரிந்துவிடும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் திருத்தம் நிறைவேற்றி, ஒப்புதல் வந்தபின் தொடங்குங்கள்.

குழுவில் மூன்று பேர், மாற்று ஆள் இரண்டு பேர். சங்கத் தலைவர், செயலாளர், நியமன அதிகாரி மூவரும் அதில் இருக்கக்கூடாது. ஒருவராவது நடுவராக இல்லாத வெளியாளாக இருக்கட்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைத்தான் பெரும்பாலும் தேடுகிறார்கள். எங்களைக் கேட்டால், தோட்டத் தொழிற்சங்கத்தில் இருந்தவர் அதைவிட நல்லவர். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒழுங்கீனத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குமுன் முறையான விசாரணை நடத்தவேண்டும். அந்த டொமஸ்டிக் இன்கொயரியில் தொழிலாளி பக்கம் உட்கார்ந்து பழகியவருக்குக் குற்றப்பத்திரம் எப்படி இருக்கவேண்டும், சாட்சியை எப்போது வெளியே அனுப்பவேண்டும் என்பது புத்தகம் படிக்காமலே தெரியும்.

உறவு உள்ளவர் விலகவேண்டும். "எனக்கு அவன் தூரத்துச் சொந்தம்தான், பரவாயில்லை" என்றால் பரவாயில்லை இல்லை. மாற்று ஆள் அதற்குத்தான்.

புகார் வாங்கும் விதம்

டீக்கடையில் சொன்னது புகார் இல்லை. வாட்ஸ்அப் குரல்செய்தியும் புகார் இல்லை. ஒரு பக்கத் தாளில் தேதி, ஆட்டம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், புகார் செய்பவர் கையொப்பம். ஆட்டம் முடிந்து 72 மணி நேரத்துக்குள். அணி கொடுத்தால் 50 ரிங்கிட் முன்பணம் வாங்கலாம். புகாரில் உண்மை இருந்தால் திருப்பிக் கொடுங்கள். தனி ஆள், பெற்றோர், சக நடுவர் கொடுக்கும் புகாருக்கு முன்பணம் வேண்டாம்.

மொட்டைக் கடுதாசி வந்தால் கிழித்துப் போடவும் வேண்டாம், அதை வைத்து வழக்குத் தொடுக்கவும் வேண்டாம். அதில் உள்ள தேதி, ஆட்டம் ஏட்டோடு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். பொருந்தினால் செயலாளர் பெயரில் உண்மை கண்டறியும் வேலை தொடங்கலாம். இல்லையென்றால் உறையில் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள்.

இரண்டு விஷயங்களைச் சங்கம் தானே விசாரிக்கக்கூடாது. ஒன்று, கையூட்டு. ஆட்டத்தை விற்கச் சொல்லி யாராவது காசு நீட்டினால் அதை ஊழல் தடுப்பு ஆணையத்திடம் சொல்வது 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி கடமை. "நம் பையன்தானே, கூப்பிட்டுப் பேசிக்கொள்வோம்" என்று தலைவர் தொடங்கினால் சாட்சியமும் கெடும், அவரும் மாட்டுவார். இன்னொன்று, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளிடம் பாலியல் தவறு. இதைக் காவல்துறையிடம் சொல்லாமல் இருப்பதே 2017ஆம் ஆண்டு சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டப்படி குற்றம். பிள்ளையை உட்காரவைத்து நாலு பேர் கேள்வி கேட்பது பெரிய கேடு. உடனே நியமனத்தை நிறுத்தி, உடனே புகார் கொடுங்கள்.

மற்ற வழக்குகளில் விசாரணைக்கு முன் ஆளை நிறுத்திவைப்பது அபூர்வமாக இருக்கட்டும், 14 நாளைத் தாண்டவேண்டாம். வேலைவாய்ப்புச் சட்டமும் விசாரணைக்காகத் தொழிலாளியை நிறுத்திவைக்க இரண்டு வாரம்தான் தருகிறது, அதுவும் பாதிச் சம்பளமாவது கொடுத்து. அந்த அளவு நமக்கும் சரியாக இருக்கும்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பெயர் போடாமல் விடுவது. புகார் இல்லை, கடிதம் இல்லை, விசாரணை இல்லை. நியமன அதிகாரி மட்டும் எட்டு வாரம் அவரைக் கூப்பிடமாட்டார். கேட்டால் "ஆள் நிறைய இருக்காங்கண்ணே" என்பார். இதைவிடப் பெரிய தண்டனை சங்கத்தில் கிடையாது, இதற்கு மேல்முறையீடும் கிடையாது. ஏட்டில் ஆறு வாரம் ஒருவர் பெயர் இல்லையென்றால் நியமன அதிகாரி செயலவைக்கு எழுத்தில் காரணம் சொல்லவேண்டும் என்று விதி போடுங்கள். இந்த ஒரு விதியே பாதிக் கசப்பை எடுத்துவிடும்.

கடிதமும் விசாரணையும்

குற்றச்சாட்டுக் கடிதம் கெட்டால் எல்லாம் கெட்டது. வழக்கமாக எழுதுவது: "தாங்கள் சங்கத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் வகையில் நடந்துகொண்டதாக அறிகிறோம்." இதற்கு யார் என்ன பதில் சொல்லமுடியும்? எழுதவேண்டியது இப்படி: "ஜூலை 20, ஞாயிறு, மாலை 5.00 மணி ஆட்டத்துக்கு 1ஆம் துணை நடுவராக வர ஜூலை 16 அன்று ஒப்புக்கொண்டீர்கள். 5.12க்குத் திடலுக்கு வந்தீர்கள். இடைவேளையில் பி அணியின் மேனேஜரிடம், இரண்டு பேர் கேட்கும்படி, இன்ன வார்த்தையைச் சொன்னீர்கள். இது ஒழுங்கு விதி 4, பிரிவு ஆ. இதை ஒப்புக்கொள்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று 7 நாளுக்குள் எழுதுங்கள்." சொன்ன வார்த்தை அசிங்கமாக இருந்தாலும் அப்படியே எழுதவேண்டும். கூச்சப்பட்டு "தகாத வார்த்தை" என்று போட்டால், விசாரணையில் அரை மணி நேரம் அது தகாததா தகுந்ததா என்று போகும். கடிதம் மலாயிலும் தமிழிலும் இருக்கட்டும். உறுப்பினர்களில் மலாய், சீன நண்பர்கள் இருப்பார்கள், வெளியே மேல்முறையீடு போனால் மலாய்ப் பிரதி தேவைப்படும்.

கடிதத்துக்கு முன் உண்மை கண்டறிபவர் ஒருவர் சாட்சிகளைத் தனித்தனியாகப் பார்த்து எழுதி வாங்கவேண்டும். அவர் விசாரணைக் குழுவில் உட்காரக்கூடாது. விசாரணைக்கு 14 நாள் முன்னறிவிப்பு. சாட்சிகளின் எழுத்து வாக்குமூலங்களைக் குற்றம் சாட்டப்பட்ட ஆளிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அன்றைக்குத் திடீரென்று ஒரு தாளை எடுத்து நீட்டுவது சினிமாவுக்கு நல்லது.

இடம்: தமிழ்ப்பள்ளி வகுப்பறை, சமூக மண்டபம். கோயில் மண்டபம் வேண்டாம். தோட்டத்தில் கோயில் நிர்வாகமும் காற்பந்து அணி நிர்வாகமும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். நேரம்: ஞாயிறு காலை 10 மணி. வேலை முடிந்து களைத்து வரும் இரவு 9 மணிக்கு வைத்தால் யாருக்கும் பொறுமை இருக்காது.

முறை எளிது. தலைவர் குற்றச்சாட்டை வாசிப்பார். ஆள் ஒப்புக்கொண்டால் தண்டனை பற்றி மட்டும் பேசலாம். மறுத்தால் சாட்சிகள் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள், மற்றவர்கள் வெளியே. ஆளும் அவரோடு வந்த துணையாளும் கேள்வி கேட்கலாம். கடைசியாகப் பேசும் வாய்ப்பு ஆளுக்கு. ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். குரல் பதிவு செய்வதானால் எல்லாரிடமும் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பிறகு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மூவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே. நீதிமன்ற அளவுச் சாட்சியம் தேடவேண்டாம். ஆனால் குற்றம் பெரிதாக ஆக ஆதாரமும் கனமாக வேண்டும். முடிவு 7 நாளுக்குள் எழுத்தில், காரணத்தோடு, ஒரு பக்கத்தில்.

"பெரியவர், விடுங்கண்ணே" என்று ஒரு குரல் எப்போதும் வரும். முப்பது ஆண்டுச் சேவையைத் தண்டனை அளவில் கணக்கில் எடுக்கலாம். நடந்ததா இல்லையா என்பதில் எடுக்கக்கூடாது.

தண்டனை அளவு

அபராதம் வேண்டாம். 50 ரிங்கிட் அலவன்ஸில் 30 ரிங்கிட் பிடித்தால் ஆள் திருந்தமாட்டார், போய்விடுவார். எச்சரிக்கை, பயிற்சி, நிறுத்தம், தரம் இறக்கம், நீக்கம் என்ற ஐந்து படி போதும். நிறுத்தத்தைத் தேதியால் அளக்காதீர்கள். மழைக்காலத்தில் லீக் நாலு வாரம் நின்றால் தண்டனை தூங்கிக்கொண்டே முடிந்துவிடும். "ஆட்டம் நடந்த நான்கு ஞாயிறு" என்று எழுதுங்கள்.

முடிவை வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம். ஆளுக்கு, நியமன அதிகாரிக்கு, புகார் கொடுத்தவருக்கு, அவ்வளவுதான். குழுவில் போட்ட அன்றே அது பட்டணம் முழுக்கப் போய், அவர் பிள்ளை பள்ளியில் கேட்டுவிட்டு வரும்.

மேல்முறையீட்டுக்கு 14 நாள். கேட்பவர்கள் மூவரும் முதல் விசாரணையில் உட்காராதவர்கள். தண்டனையைக் கூட்ட அவர்களுக்கு அதிகாரம் தராதீர்கள். தந்தால் பயந்து யாரும் மேல்முறையீடு செய்யமாட்டார்கள்.

பாராட்டு

இப்போது அதே ஏட்டைத் திருப்பிப் போடுங்கள். தண்டனைக்கு எடுத்த பத்திகளே பாராட்டுக்கும்: வருகை நேரம், அறிக்கை நேரம், மதிப்பெண், ஆட்ட எண்ணிக்கை.

வழக்கமான ஆண்டு விருந்தில் நடப்பது தெரிந்ததுதான். முதல் பொன்னாடை ஒய்.பி.க்கு (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினருக்கு), அடுத்தது டத்தோ பட்டம் வாங்கியவருக்கு, பிறகு நன்கொடையாளர் ஆறு பேருக்கு. ஆண்டு முழுக்க வெயிலில் கொடி பிடித்து ஓடிய லைன்ஸ்மேன் பெயர் வரும்போது மணி பத்தரை, சாப்பாட்டு வரிசை நின்றாகிவிட்டது. வரிசையை மாற்றுங்கள். முதல் அரை மணி நேரம் நடுவர்களுக்கு. பிரமுகர் தாமதமாக வந்தால் அவருக்கான பொன்னாடை கடைசியில்.

என்னென்ன பாராட்டலாம்? 25, 50, 100 ஆட்டத்துக்குச் சட்டையில் தைக்கும் சின்னம். இது யாருடைய தேர்வும் இல்லாமல் ஏட்டிலிருந்து தானாக வருவது, அதனால்தான் மதிப்பு. ஆண்டு முழுக்க ஒரு புள்ளியும் வாங்காதவர் எல்லாருக்கும் சான்றிதழ், எத்தனை பேரானாலும். சிறந்த துணை நடுவர் என்று தனி விருது கட்டாயம் வையுங்கள், இல்லாவிட்டால் விசில்காரருக்கு மட்டும்தான் புகழ் என்று ஆகி, கொடி பிடிக்க ஆள் கிடைக்காது. சிறந்த அறிக்கை என்று ஒன்று. இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஆனால் ஒரு சீசனில் அறிக்கைகளின் தரம் மாறுவதைப் பார்க்கலாம். புதியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கியவருக்கு ஒன்று.

ஆண்டின் சிறந்த நடுவர் விருதில்தான் சண்டை வரும். ஓட்டு வேண்டாம். ஓட்டென்றால் பெரிய தோட்டத்து ஆள் ஜெயிப்பார். சுழற்சி முறையும் வேண்டாம். போன வருஷம் மேற்குப் பக்கம், இந்த வருஷம் கிழக்குப் பக்கம் என்று போனால் பரிசு நாற்காலி மாதிரி ஆகிவிடும், யார் முறை வந்தாலும் உட்காரலாம். நூறு மதிப்பெண்ணில் 60 ஏட்டிலிருந்து, 40 பார்வையாளர்களிடமிருந்து. குறைந்தது 12 ஆட்டம், குறைந்தது மூன்று வெவ்வேறு பார்வையாளர். பார்வையாளர் 1 முதல் 5 வரை போடட்டும், ஆட்டத்தின் கடினத்தையும் தனியாக 1 முதல் 3 வரை குறிக்கட்டும். பத்துக் கோல் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்தில் 4 வாங்குவதும், இரண்டு பக்கத்துத் தோட்டங்கள் மோதும் அரையிறுதியில் 4 வாங்குவதும் ஒன்றில்லை. இந்தக் கணக்கை சீசன் தொடங்குமுன் ஒட்டுப்பலகையில் ஒட்டிவிடுங்கள்.

தரம் உயர்த்துவதற்கு உடல்தகுதித் தேர்வும் சேரும். அனைத்துலக ஆண் நடுவர்களுக்கு ஃபிஃபா வைத்த அளவு: 40 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 6 வினாடிக்குள், இடையில் 60 வினாடி ஓய்வு. பிறகு 75 மீட்டரை 15 வினாடியில் ஓடி 25 மீட்டரை 18 வினாடியில் நடப்பது, 40 முறை. மாவட்டத்துக்கு இந்த வினாடிகள் வேண்டாம், அமைப்பு மட்டும் போதும். 400 மீட்டர் தடம் இல்லாத தோட்டத் திடலில் நேர்க்கோட்டில் 0, 25, 75, 100 மீட்டரில் கூம்பு வைத்துப் போய்த் திரும்பி வரலாம். காலை 7.30க்கு வையுங்கள். நாற்பது வயது தாண்டியவர்கள் முந்தின வாரம் அரசு கிளினிக்கில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு வரட்டும்.

அந்த ஆண்டு நிறுத்தம் வாங்கியவர் அந்த ஆண்டு விருதுக்கு வரமுடியாது. ஆனால் ஆட்ட எண்ணிக்கைச் சின்னமும் நெடுநாள் சேவை விருதும் அவருக்கு உண்டு. தண்டனை முடிந்தது என்றால் முடிந்ததுதான், வருஷா வருஷம் அதை எடுத்துப் பேசுவது இரண்டாவது தண்டனை.

கோப்பைக்குப் பெயர் வைப்பதானால் நன்கொடையாளர் பெயரைவிட நடுவர் பெயர் நல்லது. சிங்கப்பூரின் ஜார்ஜ் சுப்பையா 1974 உலகக் கிண்ணத்தில் போலந்து, ஹைத்தி ஆட்டத்துக்கு விசில் ஊதியவர். நம் நாட்டு சுப்கிட்டின் முகமட் சாலே 2010 உலகக் கிண்ணத்துக்குப் போனவர். இளைஞர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

பரிசுப் பொருள் பயன்படுவதாக இருக்கட்டும். ஆளுயரக் கண்ணாடிக் கோப்பை அலமாரியில் தூசி தின்னும். உள்ளே பந்து இல்லாத ஃபாக்ஸ் 40 விசில் மழையிலும் ஒலிக்கும், ஒரு ஜோடி நல்ல கொடி ஐந்து சீசன் வரும். தாக்கப்பட்ட நடுவரோடு போலீஸ் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் செயலவையிலிருந்து ஒருவர் போவதும் பாராட்டில் சேர்த்தி. அந்த இரவு யார் வந்தார்கள் என்பதை அவர் மறக்கமாட்டார்.

சான்றிதழில் ஒரு கவனம். இளம் நடுவர்களில் இடைநிலைப்பள்ளிப் படிவம் ஐந்து, ஆறு மாணவர்கள் இருப்பார்கள். அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. ஆகவே சான்றிதழ் மலாயில் இருக்கவேண்டும், பெயர் அடையாள அட்டையில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் இருக்கவேண்டும், எந்த நிலை, எத்தனை ஆட்டம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று இருக்கவேண்டும். "சிறப்பாகப் பங்காற்றினார்" என்று மட்டும் இருந்தால் யாரும் மதிப்பெண் போடமாட்டார்கள். விண்ணப்பம் முடிந்து மூன்று மாதம் கழித்து விருந்தில் கொடுப்பதற்குப் பதில், அவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு மேடையில் கைதட்டுங்கள்.

விருந்துக்கு இரண்டு வாரம் முன் செயலாளரும் பொருளாளரும் ஒன்றாக உட்கார்ந்து ஏட்டை முதல் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். அலவன்ஸ் பத்தியில் காலிக் கட்டம் இருந்தால், கோப்பைக்கு ஆர்டர் கொடுக்குமுன் அதை நிரப்புங்கள்.